இன்னும் ஒரு வருஷம்!

கொடைக்கானலைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஏரியில் படகு விட்டிருப்பீர்கள். தூண் பாறைக்குப் போன நேரம் பார்த்து மேகம் வந்து மறைத்துக் கொண்டதே என்று குறைப்பட்டிருப்பீர்கள். ஆனால் அதே பழனி மலைத் தொடரின் கீழ் மலைப் பகுதியில் ஆடலூர் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அங்கே போயிருக்கிறீர்களா? உல்லாசப் பிரயாணிகள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத ஊர். காப்பித் தோட்டம், நிழல் மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடி, மலை வாழை, ஆரஞ்சு, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் ஜனங்கள் — இவ்வளவுதான் ஆடலூர். திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினால், வளைவுக்கு வளைவு குளிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைத் தோளிலேயே உணரலாம்.

ஊரின் பெயரிலேயே 'ஆடல்' இருக்கிறது. பெயர்க் காரணம் என்னவோ, அதைப் புலவர்களுக்கு விட்டுவிடுகிறேன். நான் போன அன்று அங்கே ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மலையூரில் சமதரையைத் தேடுவது சாமான்யமல்ல. பள்ளிக்கூட மைதானத்தை விட்டால், காப்பிக் கொட்டையைக் காயப் போடுகிற களந்தான் கொஞ்சம் சமமாக இருக்கும். பழம் பறிப்புக்கு இன்னும் நாளிருந்ததால் களம் காலியாக இருந்தது. ஏழெட்டுக் குழந்தைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் நாலைந்து பேர் பெண்கள். இரண்டு கருங்கல்தான் கோல் கம்பம். அந்த ஆட்டத்தில் ஒரு விசேஷச் சட்டம் உண்டு: யார் உதைத்துப் பந்து சரிவில் உருண்டு போகிறதோ, அவர்தான் காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போய் எடுத்து வரவேண்டும். ஆகையால் எல்லோருமே பந்தைத் தரையோடு தரையாகத்தான் தட்டினார்கள். பெரிய பெரிய பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்தியும் சொல்லிக் கொடுக்க முடியாத பாடத்தை அந்த மலைச் சரிவு செலவில்லாமல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது!

பாவாடைக்குள் கால்சராய் மாட்டிக்கொண்டு ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும், இரண்டு பையன்களை இப்படியும் அப்படியும் ஏமாற்றிவிட்டுப் பந்தைக் கற்களுக்கு நடுவே தள்ளினாள். என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எம் பேத்திதான் தாயி."

"ரொம்ப நல்லா ஆடுறாளே அம்மா!"

"ஆடுவா, ஆடுவா. இன்னும் ஒரு வருசம் ஆடுவா. அதுக்கப்புறம் யாரு விடுவா?"

பாட்டியின் குரலில் கோபமில்லை. வருத்தம் கூட இல்லை. மழை எப்போது வரும், பழம் எப்போது சிவக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். 'இன்னும் ஒரு வருஷம்' என்ற அந்த மூன்று வார்த்தைகள் மட்டும் என்னோடு பஸ் ஏறி ஊர் வரைக்கும் வந்துவிட்டன.

ஏன் ஒரு வருஷம்? உங்கள் வீட்டில் பெண் குழந்தை இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. இந்த மூன்று வயதுக்குள்தான் நம் பெண்கள் மைதானத்தை விட்டுப் போகிறார்கள். யாரும் தடியெடுத்து விரட்டுவதில்லை. 'வயசுக்கு வந்த பொண்ணு' என்று ஒரு வார்த்தை. 'அடுத்த வருஷம் பத்தாவது' என்று இன்னொரு வார்த்தை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. பள்ளிக்கூடத்துக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கால்சட்டை போட்டால் பெரியப்பா முகத்தைச் சுளிக்கிறார். இப்படி ஒவ்வொன்றும் சின்னக் காரணந்தான். ஆனால் பத்துச் சின்னக் கயிறு சேர்ந்தால் யானையைக் கட்டிவிடாதா?

இதே கேள்வியை மேல்நாட்டில் எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? தீர்க்கவில்லை, தடை போட்டார்கள்! இங்கிலாந்தில் 1920-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூல் நகரத்தில் 'டிக், கெர் லேடீஸ்' என்ற பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் அவர்கள். கூட்டத்தைக் கண்டு பெருமைப்பட வேண்டிய இங்கிலீஷ் கால்பந்துச் சங்கம் அடுத்த வருஷமே, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானம் போட்டுச் சங்கத்து மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அந்தக் கதவு மறுபடி திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. ஆகவே, பெண் பந்தாடினால் முகம் சுளிப்பது நம் பெரியப்பாக்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். துரைமார்களும் சுளித்தவர்கள்தான்.

* * *

இனி நம் கடலூருக்கு வாருங்கள்.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26. அந்தத் தேதியைத் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் சுனாமி அலைக்குப் பலியானார்கள். தாயை இழந்த குழந்தைகள், தகப்பனை இழந்த குழந்தைகள், இருவரையுமே இழந்த குழந்தைகள் அரசாங்கம் நடத்திய இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சோறு கிடைத்தது, துணி கிடைத்தது, பள்ளிக்கூடமும் கிடைத்தது. இரவில் திடுக்கிட்டு எழுந்து அழுகிற குழந்தைக்கு எதைக் கொடுப்பது?

கடலூரில் மாரியப்பன் என்ற கால்பந்துப் பயிற்சியாளர் அந்தப் பெண்களுக்குப் பந்தைக் கொடுத்தார். கேட்பதற்குச் சினிமாக் கதை போல இருக்கிறதல்லவா? ஆனால் சினிமாவில் ஒரு பாட்டு முடிவதற்குள் கோப்பை வந்துவிடும். நிஜத்தில் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. விடியற்காலையில் பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி பயிற்சி என்று அந்தக் குழந்தைகளின் நாளுக்கு ஒரு வரம்பு கிடைத்தது. அவர் நடத்திய நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள்: இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம். 'கல்வி' என்ற சொல்லை அந்தப் பெயரில் சேர்த்தது எவ்வளவு சாமர்த்தியமான காரியம்! பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று வாசற்படியில் நின்று தயங்குகிற தாய்க்கு அந்த ஒரு சொல்தான் தைரியம்.

2018-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் கட்டாக் நகரத்தில் சீனியர் பெண்கள் தேசியக் கால்பந்துப் போட்டி. இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரே மணிப்பூர். பல வருஷங்களாக அந்தக் கோப்பையைத் தங்கள் வீட்டுப் பண்டம் போல வைத்திருந்தவர்கள் மணிப்பூர்ப் பெண்கள். நம் பெண்கள் 2-1 என்ற கணக்கில் ஜயித்தார்கள். தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் கோப்பை. அதோடு நிற்கவில்லை. 2019-இல் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அணி, லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைப் பெற்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசிய சாம்பியன் ஆயிற்று.

கட்டாக்கில் வென்ற அணியில் ஆடியவர்களில் ஒருவர் கடலூர் இந்துமதி கதிரேசன். மறு வருஷம் நேபாளத்தில் நடந்த தெற்காசியப் போட்டியில் இந்தியாவுக்காக நாலு கோல் போட்டவர். இவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர்! 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து, ஆட்டக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, இந்துமதி முகக்கவசம் மாட்டிக்கொண்டு சென்னைத் தெருவில் நின்று ஜனங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தை மறித்துப் பழகியவருக்கு மோட்டார் சைக்கிளை மறிப்பது பெரிய காரியமா என்ன?

இதை ஏன் விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், 'பந்தாடி என்ன ஆகப் போகிறது?' என்று கேட்கிற வீடுகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. விளையாட்டில் தேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாப் பெண்ணும் இந்துமதி ஆகிவிட முடியாது; வாஸ்தவந்தான். எல்லாப் பையனும் கலெக்டர் ஆகிவிடுகிறானா? ஆனாலும் பையனைப் படிக்க வேண்டாமென்று சொல்கிறோமா?

* * *

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பெண்ணைக் கால்பந்தில் சேர்ப்பது சுலபம். ஒரு பந்தும் ஒரு வாத்தியாரும் போதும். அவளைப் பதினாறு வயது வரைக்கும் ஆட்டத்தில் வைத்திருப்பதுதான் கடினம். அதற்கு மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளை இங்கிலீஷில் 'மென்டர்' என்று சொல்லி, அதற்கு வகுப்பு, சர்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு சிரமமே இல்லை. அந்த ஆளுக்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் பழையதாக இருக்கிறது: அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள்தான் என்றில்லை. இரண்டு மூன்று வருஷம் மூத்தவள். அதே தெருவில் நடந்து, அதே பேச்சைக் கேட்டு, அதையும் மீறி இன்னும் ஆடிக்கொண்டிருப்பவள். வாத்தியாரிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொல்லலாம். அம்மாவிடம் சொன்னால் 'அப்படியானால் போகவே வேண்டாம்' என்று முடிந்துவிடுமே, அதையும் சொல்லலாம்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சிக்குப் பக்கத்தில் ஓர்மாஞ்சி என்ற வட்டாரம். சிறு வயதிலேயே பெண்களுக்குக் கலியாணம் பண்ணி அனுப்புகிற வழக்கம் பலமாக வேரூன்றிய பிரதேசம். அங்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வந்த ஃபிரான்ஸ் காஸ்ட்லர் என்ற அமெரிக்கர், ஒரு சிறுமி கால்பந்து ஆட ஆசைப்பட்டதைக் கேட்டு, 'ஆடேன், உன் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வா' என்றார். 2009-இல் இப்படிப் பிறந்ததுதான் 'யுவா' என்ற ஸ்தாபனம். அங்கே சின்னப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் வளர்ந்த பெண்கள். பந்துப் பயிற்சியோடு நிறுத்தாமல், வட்டமாக உட்கார்ந்து பேசவும் நேரம் வைத்தார்கள். உடம்பைப் பற்றி, படிப்பைப் பற்றி, வீட்டில் கலியாணப் பேச்சு எடுத்தால் என்ன சொல்வது என்பதைப் பற்றி. 2015-இல் அந்தப் பெண்களுக்கென்றே ஒரு பள்ளிக்கூடமும் ஆரம்பமாயிற்று.

2013-இல் யுவா பெண்கள் ஸ்பெயின் தேசத்துக்குப் போய் காஸ்டெய்ஸ் கோப்பைப் போட்டியில் மூன்றாவது இடம் பெற்றுத் திரும்பினார்கள். 2019-இல் மொனாக்கோவில் 'லாரியஸ்' விருது கிடைத்தது. உலகத்து விளையாட்டுப் பிரபலங்கள் எல்லாம் கூடுகிற சபை அது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது விருது அல்ல. ஸ்பெயினுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்க அந்தப் பெண்கள் பட்ட பாடுதான். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்கப் போன இடத்தில் தங்களைத் தரையைப் பெருக்கச் சொன்னார்கள் என்று அந்தப் பெண்களே பின்னால் வெளியே சொன்னார்கள். ஒருத்தி தனியாகப் போயிருந்தால் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். கூட்டமாகப் போனதால் சான்றிதழோடு திரும்பினார்கள்.

'பிகில்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2019-இல் தீபாவளிக்கு வந்தது. கலியாணமாகி அடுப்படிக்குள் போய்விட்ட ஆட்டக்காரியைத் தேடிப் பயிற்சியாளர் அவள் வீட்டுக்கே போகிற காட்சி அதில் உண்டு. தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்: அந்தக் காரியத்துக்கு விஜய்தான் வரவேண்டுமா? பதினாறு வயது அக்கா ஒருத்தி சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்று, "அத்தை, இன்னிக்கு ஏன் இவ வரலை?" என்று கேட்டால் போதாதா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே பாதி வீடுகளில் பெண்ணை அனுப்பிவிடுவார்கள். கேட்பாரில்லாத இடத்தில்தான் பெண்கள் சத்தமில்லாமல் நின்றுபோகிறார்கள்.

* * *

அக்காவிடம் முதலில் வந்து சேர்கிற கேள்வி எது என்று நினைக்கிறீர்கள்? 'பெனால்டி எப்படி அடிப்பது' என்பதா? இல்லை. மாதவிலக்கு நாளில் ஆடலாமா என்பதுதான்.

தாராளமாக ஆடலாம் என்கிறார்கள் வைத்தியர்கள். தாங்க முடியாத வலியோ அதிகமான போக்கோ இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி ஓட்டமும் அசைவும் பல பேருக்கு வலியைக் குறைக்கவே செய்யும். பயமெல்லாம் கறை பட்டுவிடுமோ என்பதுதான். இதில் நம் பெண்கள் மட்டுமா தவிக்கிறார்கள்? இங்கிலாந்து தேசத்துப் பெண்கள் அணி காலங்காலமாக வெள்ளைக் கால்சட்டையில் ஆடியது. ஆட்டக்காரிகள் வாய்விட்டுக் கேட்ட பிறகு, 2023-இல் அதை நீலமாக மாற்றினார்கள். உலகக் கோப்பை ஆடுகிறவர்களுக்கே அந்தச் சங்கடம் இருந்ததென்றால், ஆடலூர்ப் பெண்ணுக்கு இருக்காதா? பள்ளிக்கூட அணிக்குத் துணி எடுக்கிற தலைமையாசிரியர்கள் இந்தப் பத்தியைப் படித்தால் கறுப்போ கருநீலமோ எடுக்கட்டும். ஒரு பைசா அதிகம் ஆகாது.

அடுத்தது ரத்தம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிடுகிற பெண்ணைச் 'சோம்பேறி' என்று சொல்லுமுன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு தடவை நீல நிறத்தில் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். வாயில் போடுகிற பாவனை காட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே எறிகிற சாமர்த்தியசாலிகள் எல்லா வகுப்பிலும் உண்டு! முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, ஈரல் எல்லாம் நல்லது. கூடவே நெல்லிக்காயோ ஆரஞ்சோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். ஆரஞ்சுக்கு மலை ஜனங்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் ஒரு வேடிக்கை. சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு சரியாக ஏற்றுக்கொள்ளாது. காப்பி விளைகிற ஊரில் போய் இதைச் சொல்ல எனக்கே நாக்குக் கூசுகிறது. குடிக்க வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆடுகிற பெண்ணுக்காகவாவது.

மூன்றாவது முழங்கால். இதைப் பற்றிப் பேசாமல் கால்பந்தைப் பற்றிப் பேசுவது சரியல்ல. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருத்திக்கு முழங்காலில் சவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. சிகிச்சையில் நேர்ந்த கவனக் குறைவால் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாகி, சில நாட்களில் அவள் உயிரும் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் எத்தனை அம்மாக்கள் மகளின் பூட்ஸை எடுத்துப் பரண் மேல் போட்டார்களோ! அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு தாய்தான்.

ஆயினும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். முழங்கால் சவ்வுக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. குதித்து இறங்கும்போதும், ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும் முட்டி உள்பக்கமாக மடங்குவது ஒரு முக்கியக் காரணம். இதைப் பயிற்சியால் பெருமளவு தடுக்கலாம். நார்வே தேசத்தில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண்களை வைத்துப் பரீட்சித்துப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டத்துக்கு முன் சுமார் இருபது நிமிஷம், ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முட்டியை நேராக வைத்து இறங்குவது என்று ஒரு ஒழுங்கோடு உடம்பைச் சூடு பண்ணிய பெண்களுக்குக் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பலத்த காயமோ ஏறக்குறையப் பாதியாயிற்று. மருந்தில்லை, மிஷினில்லை. இருபது நிமிஷந்தான். அதைத் தினமும் விடாமல் செய்ய வைக்க வாத்தியாருக்குப் பொறுமை இருக்காது. அங்கேயும் அக்காதான் வேண்டும்.

பந்தின் அளவு கூட விஷயந்தான். பெரிய பந்து வாங்கினால் வளர்ந்த பிறகும் ஆகுமே என்று பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற கணக்கைப் பந்திலும் போடுகிறோம். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரைக்கும் நாலாம் நம்பர் பந்து; பதின்மூன்றிலிருந்துதான் பெரியவர்கள் ஆடுகிற ஐந்தாம் நம்பர் பந்து. பத்து வயதுக் குழந்தை ஐந்தாம் நம்பரை உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டால் தப்பு குழந்தையுடையதல்ல.

இன்னொன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் இதைச் சுற்றி வளைத்துத்தான் எழுதுகிறார்கள். பெண்ணை வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்பத் தாய்மார்கள் பயப்படுவது வெறும் கற்பனையல்ல. 2022-இல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவரே தவறான நடத்தைக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆகையால் அணியோடு ஒரு பெண்மணி கூடப் போகிறாரா, இரவில் யார் எங்கே தங்குகிறார்கள், பெண் எப்போது நினைத்தாலும் வீட்டுக்குப் பேச முடியுமா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. அப்படிக் கேட்டதற்கு முகம் கோணுகிற பயிற்சியாளரிடம் பெண்ணை விடவே வேண்டாம். குழந்தைகளுக்கு ஆபத்தென்றால் 1098 என்ற டெலிபோன் நம்பர் இருக்கிறது. மனம் நொந்து யாரிடமாவது பேச வேண்டுமென்றால், 2022-இல் ஆரம்பித்த 14416 இருக்கிறது. இரண்டுக்கும் காசில்லை. இந்த இரண்டு நம்பரையும் பெண்ணுக்கு மனப்பாடம் பண்ணி வையுங்கள். பெருக்கல் வாய்ப்பாட்டைவிட உபயோகமாக இருக்கும்.

ஆட்டத்தில் தோற்ற அன்று பெண் சாப்பிடாமல் படுத்திருப்பாள். அணியில் பெயர் வரவில்லை என்றால் ஒரு வாரம் யாரோடும் பேச மாட்டாள். 'இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்' என்று அப்போது யாராவது சொன்னார்களோ, தீர்ந்தது. மறுநாள் அவள் போக மாட்டாள். தோல்வி என்பது நம் இந்திய அணிக்கே புதிதல்ல. 2022 ஜனவரியில் நம் நாட்டிலேயே நடந்த ஆசியக் கோப்பையில், அணியில் கொரோனா பரவி, விதிப்படி வேண்டிய பதின்மூன்று பேரைச் சேர்க்க முடியாமல் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. எப்படி அழுதிருப்பார்கள்! மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூலை 5-ஆம் தேதி, தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று அடுத்த ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அழுத பெண்களை யாரோ கைதூக்கி எழுப்பி மறுபடி மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் அல்லவா?

* * *

ஆடலூர்க் களத்துக்குத் திரும்புகிறேன். என் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மொச்சை உரித்தேன். கடலூர்ப் பெண்களின் கதையைச் சொன்னேன். சுனாமி என்றதும் பாட்டி கையை நிறுத்திவிட்டார். இந்துமதி கதை வந்தபோது ஒரு கேள்வி கேட்டார்.

"பொம்பளைப் புள்ள, பந்தாடியா எஸ்.ஐ. ஆனா?"

"பந்தும் ஆடினா, படிக்கவும் படிச்சா அம்மா."

"வீட்டுல விட்டாகளாக்கும்!"

"விட்டாங்க. கூடவும் ஆள் இருந்தாங்க."

பாட்டி ஒன்றும் பேசவில்லை. களத்தில் யாரோ பலமாக உதைக்க, பந்து சரிவில் உருண்டு காப்பிச் செடிக்குள் போயிற்று. சட்டப்படி உதைத்த பையன் இறங்கிப் போனான். பேத்தி மூச்சிரைக்க ஓடி வந்து, பாட்டியின் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தாள். பையன் எடுத்து வந்த பந்தைப் பார்த்தேன். மேல் தோல் உரிந்து, ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையாகி, பந்து என்று சொல்வதற்கே தாராள மனசு வேண்டும்.

பாட்டி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியிடம், "ஏ புள்ள, புதுசு ஒண்ணு வாங்கணும்னா எம்புட்டு ஆகும்?" என்றார்.

"எந்தப் பந்து அப்பத்தா? நாலாம் நம்பரா, அஞ்சாம் நம்பரா?"

"எனக்கென்னாடி தெரியும்? ஒனக்கு எது வேணும்?"

பெண் ஒரு கணம் யோசித்தாள்.

"அஞ்சாம் நம்பர் அப்பத்தா. எனக்குத்தான் அடுத்த வருசம் பதிமூணு ஆகப் போகுதே!" என்று சொல்லிவிட்டு, செம்பை வைத்துவிட்டுக் களத்துக்கு ஓடினாள்.